ஒதுங்க ஒரு கூரை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2017 செப்டம்பர் 7. நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தத் தேதியை யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. சோமனூர் பஸ் ஸ்டாண்டின் கான்கிரீட் கூரை, அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் மேல் இடிந்து விழுந்தது. ஐந்து உயிர்கள் போயின. பத்துப் பேருக்கு மேல் காயம். விசாரிப்பதற்கு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடியை அரசு நியமித்தது. செய்தித்தாள்கள் ஒரு வாரம் எழுதின. அப்புறம் வேறு செய்திக்குப் போய்விட்டன.

அன்று புயலும் இல்லை, சூறாவளியும் இல்லை. வழக்கமான மழைக்காலம்தான். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்கென்று பொதுப் பணத்தில் கட்டிய கூரை, ஒதுங்கி நின்றவர்களையே கொன்றது. அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. ஆபத்து வந்தால் ஜனங்கள் ஓடிப்போய் ஒதுங்குகிற கட்டடம், அவர்கள் விட்டுவிட்டு வந்த வீட்டைவிடப் பலமாக இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் ஒரு வரலாறே இருக்கிறது. பெரும்பாலும் கடலோரத்து வரலாறு. நம்மைப் போன்ற உள்நாட்டுக்காரர்கள் அதை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிட்டோம்.

முன்காலத்தில் ஊரிலேயே பலமான கட்டடம் கோயில்தான். கல் தூண், கல் உத்தரம், மேலே கல் பாவு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. ஊரே அழிந்தது. அதே இரவில் ராமேசுவரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ராமநாதசுவாமி கோயிலுக்குள் ஒதுங்கினார்கள். ஏறி வந்த கடல்நீர் கோயில் பக்கம் வந்து நின்றுவிட்டது என்று சொல்வார்கள். பக்தர்கள் அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள், நான் அதில் தலையிடவில்லை. காற்றைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்த காரணம் எடை. அத்தனை டன் கல்லைத் தூக்குகிற காற்று இல்லை.

அந்தப் புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை இளம் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தார். பிற்பாடு டெல்லி மெட்ரோ கட்டினாரே, அதே ஸ்ரீதரன்தான். பாலம் 46 நாளில் எழுந்துவிட்டது. தனுஷ்கோடியை மட்டும் மனிதர் குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்து அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்த பெரிய அடி 1977 நவம்பரில். 12ஆம் தேதி நாகப்பட்டினத்தில் ஒரு புயல். ஒரே வாரத்தில், 19ஆம் தேதி, ஆந்திராவில் கிருஷ்ணா ஆற்று முகத்துவாரத்தில் திவிசீமா என்ற பகுதியில் இன்னொன்று. அங்கே செத்தவர்கள் பத்தாயிரத்துக்குக் குறையாது. மண்சுவரும் கீற்றுக் கூரையுமாக இருந்த ஊர்களில் ஓடி ஒதுங்க ஒரு காரைக் கட்டடம்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் கடலோரத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் மும்முரமாக எழுந்தன. 1990 மே மாதம் அதே ஆந்திரக் கரையை ஏறக்குறைய அதே பலமுள்ள புயல் தாக்கியபோது இறந்தவர்கள் ஆயிரத்துக்குள் நின்றது. முன்கூட்டியே எச்சரித்தார்கள், லட்சக்கணக்கில் ஜனங்களை வெளியேற்றினார்கள், வெளியேறியவர்களைக் கொண்டுபோய் வைக்கக் கட்டடமும் இருந்தது.

ஒடிசா கதை இதைவிடத் தெளிவு. 1999 அக்டோபர் 29, சூப்பர் புயல். மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் காற்று. இறந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம். அப்போது செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய 23 பாதுகாப்புக் கட்டடங்கள் மட்டும் அங்கே இருந்தன. அவற்றுக்குள் ஒதுங்கிய ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். ஊருக்கு ஊர் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்ததுதான். காரக்பூர் ஐ.ஐ.டி. பொறியாளர்களை வைத்து வரைபடம் போட்டு, வரிசையாகக் கட்டினார்கள். இன்று 800க்கு மேல் இருக்கின்றன. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். ஒடிசாவில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

பத்தாயிரம் எங்கே, ஐம்பது எங்கே! இடையில் 14 வருஷம்தான்.

அந்த ஒடிசாக் கட்டடங்களில் ஒரு விஷயம் என்னை ரொம்பவும் கவர்ந்தது. கீழே தூண் மட்டும், திறந்த தளம். வெள்ளம் வந்தால் அடியில் ஓடிவிடும். மேலே அகலமான கான்கிரீட் அறைகள், முதியவர்களும் கர்ப்பிணிகளும் ஏறச் சாய்தளம். புயல் இல்லாத நாட்களில் இது என்ன தெரியுமா? பல இடங்களில் பள்ளிக்கூடம்! பூட்டிப் போட்ட கட்டடம் பாழாகும், தினமும் பிள்ளைகள் புழங்குகிற கட்டடத்தில் ஒழுகல் இருந்தால் மறுநாளே தெரிந்துவிடும். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு இந்த யோசனையின் அருமை சட்டென்று புரியும். தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் இப்போது 121 பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சோமனூர் பக்கம் காடாத் துணி ஓடுகிற தறிக்குடோன்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் சீட் அல்லது தகரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம்மைத் தேடித்தான் வரும். பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மாவா? ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பதை நம் பெரியவர்கள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

காற்று கூரையை அமுக்கி உடைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அது இல்லை. கூரையை உறிஞ்சித் தூக்குகிறது. ஐந்தாம் வகுப்பில் நான் ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்குக் கீழே பிடித்து அதன் மேலாக ஊதிக் காட்டுவேன். தொங்கின காகிதம் மேலே எழும்பும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். கூரைக்கும் ஏறக்குறைய அதேதான் நடக்கிறது. அதோடு காற்று வருகிற பக்கத்து ஜன்னலோ கதவோ பிய்த்துக்கொண்டால், உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல். சீட் நிற்குமா?

கொஞ்சம் கணக்குப் போடலாம். பழக்கதோஷம், மன்னியுங்கள். இந்தியத் தர நிர்ணய நூலில் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி என்று ஒன்று உண்டு. எந்த ஊரில் எவ்வளவு காற்றைத் தாங்குமாறு கட்ட வேண்டும் என்று சொல்வது. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்கு விநாடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். இந்த 39 மீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. இருபதுக்கு இருபது அடி வகுப்பறையின் கூரை சுமார் 37 சதுர மீட்டர். மொத்தம் 3,400 கிலோவுக்கு மேல். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டின் எடையோ அத்தனை பரப்புக்கும் சேர்த்து ஐந்நூறு அறுநூறு கிலோதான். கூரையின் சாய்வு, உயரம் பார்த்து இந்தக் கணக்கு கூடும், குறையும். ஆனால் மிச்சத்தை யார் பிடித்துக்கொள்வது? சீட்டை இரும்புச் சட்டத்தோடு கோக்கிற ஹூக் போல்ட், சட்டத்தைச் சுவரோடு பிணைக்கிற கட்டு, அவ்வளவுதான். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் இழுப்பு ஒன்றரை, இரண்டு மடங்குகூட இருக்கும். அங்கேதான் போல்ட்டை நெருக்கமாகப் போட வேண்டும். நம் ஊர்களில் எல்லா இடத்துக்கும் ஒரே இடைவெளிதான்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) அப்படி ஒரு சீட் கட்டடம் இருந்தது. ஒரு மழைக்கு நொய்யல் ஓரத்துக் குடும்பங்களை அதில் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். சாவி என்னிடம். ராத்திரி காற்று ஏறியதும் சீட் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. பேரனை மடியில் போட்டிருந்த ஒரு பாட்டி மேலே பார்த்துவிட்டு, "ஏனுங் வாத்தியாரே, இதுக்கு எங்கூட்டு ஓடே தேவுலையாட்ட இருக்குதுங்களே" என்றார். பதில் சொல்ல வாயில் வார்த்தை இல்லை. அந்தக் கட்டடத்துக்குச் சட்டம் இறுக்கித் தரச் சொல்லி அதற்கு முன்பே இரண்டு முறை எழுதியிருந்தேன். பெயின்ட் அடிக்கப் பணம் வந்தது.

சீட் கட்டடங்கள் இத்தனை வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 2004 ஜூலை 16, கும்பகோணம் தீ விபத்து. 94 குழந்தைகள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்தது மிகச் சரி. ஆனால் நான் பார்த்த பல இடங்களில் கீற்று இருந்த அதே சுவர் மேல் அவசரமாகச் சீட் ஏறியது. தீக்குப் பயந்தோம், காற்றை மறந்தோம்.

கான்கிரீட் போட்டுவிட்டால் கவலை இல்லை என்பீர்கள். காற்றுக்குக் கவலை குறைவுதான். ஐந்து அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் எடை, அதைக் காற்று தூக்காது. ஆனால் கான்கிரீட்டுக்கு எதிரி தண்ணீர். மொட்டை மாடியில் வடிகால் குழாய் அடைத்து ஒரு சாண் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 200 கிலோ கூடுதல் சுமை. கசிவு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கீழே நின்று பார்த்தால் முதலில் பூச்சு உதிரும், அப்புறம் கம்பி தெரியும். அதன் மேல் பூசி வெள்ளையடிப்பது வைத்தியம் ஆகாது.

அந்தக் காற்று நூலை 2015இல் திருத்தினார்கள். கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் கட்டடங்களுக்கு ஒரு புதுப் பெருக்கெண். சாதாரணக் கட்டடத்துக்கு 1.0, தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 1.15. புயலுக்குப் பிறகும் நின்று வேலைசெய்ய வேண்டிய கட்டடத்துக்கு 1.30. இந்தக் கடைசி வகையில் என்னென்ன இருக்கின்றன? புயல் பாதுகாப்பு மையம், மருத்துவமனை, தகவல் தொடர்புக் கோபுரம், அவற்றோடு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் ஓர் உயிர்காக்கும் கட்டடம் என்று தர நூலே எழுதிவைத்துவிட்டது! 1.30 என்பது வேகத்தைப் பெருக்குவது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், தாங்க வேண்டிய அழுத்தம் கிட்டத்தட்ட 1.7 மடங்கு ஆகிறது.

ஆனால் 60 கிலோமீட்டர்க் கோடு நம்மைத் தொடாது. சோமனூர் அதற்கு வெகு உள்ளே. இங்கே பள்ளிக்கும் சாதாரணக் கட்டடத்துக்கும் அந்தப் பெருக்கெண்ணில் வித்தியாசமே இல்லை.

கஜாவுக்கு அந்தக் கோடு தெரியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது, புதுக்கோட்டை வழியாகத் திண்டுக்கல் வரைக்கும் உள்ளே வந்து கேரளம் தாண்டி அரபிக்கடலுக்குப் போயிற்று. நமக்கு ஒட்டன்சத்திரம் தாண்டினால் திண்டுக்கல். ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. முன்கூட்டியே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களில் வைத்ததால் சாவு நூறைத் தொடவில்லை. அந்த முகாம்களில் பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் ஏராளம். திருப்பூர், சோமனூர்ப் பக்கமிருந்து துணியும் போர்வையும் அரிசியும் லாரி லாரியாகப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். டெல்டாவுக்குப் போய் வந்த நம் பையன்கள், கூரை பறந்த பள்ளிக்கூடங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்கள். அதில் ஒரு படத்தில் சீட் முழுசாகப் போய்விட்டது, சட்டம் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. போல்ட் ஓட்டைகள் கிழிந்திருந்தன. வீட்டில் பெரிதாக வைத்துப் பார்த்தேன், ஓரத்திலும் அதே இடைவெளிதான்.

பழைய கட்டடத்தை இடித்துக் கட்டக் கோடிகள் வேண்டும் என்பது பாதி உண்மை. சீட் கூரைக்கு ஓரத்திலும் முகட்டிலும் கூடுதல் போல்ட், சட்டத்தைச் சுவரோடு பிணைக்க இரும்புப் பட்டை, ஜன்னலுக்கு நல்ல கொண்டி, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சீட்டைக் குறைத்தல் இவையெல்லாம் வெல்டிங் பட்டறை வேலை. கான்கிரீட்டுக்கு மழைக்கு முன் மாடியில் ஏறி வடிகாலைத் தோண்டி விடுவது, கம்பி தெரிகிற இடத்தைப் பொறியாளரிடம் காட்டுவது. புதிதாகக் கட்டும்போது சுவர் மேலே சுற்றிலும் ஒரு கான்கிரீட் பெல்ட்.

நம் பேட்டையில் ஆபத்துக்கு எந்தக் கட்டடங்களைத் திறப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று பள்ளிகள், இரண்டு மண்டபங்கள், ஒரு சமுதாயக் கூடம். மூன்று பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது, பெற்றோர்கள்தான் உறுப்பினர்கள். அதில் இரண்டு குழுக்களில் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். பேசிவிட்டேன். அடுத்த கூட்டம் முடிந்ததும் மாடியில் ஏறிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. எனக்கு முழங்கால் வலி, நான் கீழே நின்று நோட்டில் எழுதிக்கொள்வேன். நீள ஏணி வைத்திருக்கும் பட்டறைக்கார மாணவர் யாராவது இதைப் படித்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.