அருவம் தீட்டிய ஓவியர்

நவீன சித்திரம் ஒன்றைக் காண நேரும்போது நம்மவர் பெரும்பாலும் இரண்டிலொன்று சொல்வர். "இது என்ன கிறுக்கல்?" என்பது ஒன்று. "மேனாட்டாரைப் பார்த்துச் செய்த போலி" என்பது மற்றையது. முதலாவது அவரவர் கண்ணைப் பொறுத்தது. அதில் நாம் தலையிட வேண்டுவதில்லை. இரண்டாவது வரலாற்றைப் பற்றிய கூற்று. ஆதலால் அதனைச் சற்றே ஆராய்ந்து பார்த்தல் தகும்.

உருவமற்றதைக் கோட்டாலும் வண்ணத்தாலும் சுட்டுவது நமக்குப் புதிதன்று. இறைவனுக்கு உருவம், அருவம், அருவுருவம் என மூவகைத் திருமேனி கூறும் சைவ சித்தாந்தம், இலிங்கத்தை அருவுருவம் என்று கொள்ளும். தில்லையிலே திரையை நீக்கினால் நாம் காண்பது வெற்றிடமும் அதன்முன் தொங்கும் பொன் வில்வ மாலையுமே. ஸ்ரீசக்கரம் முக்கோணங்களாலும் நடுவில் ஒரு புள்ளியாலும் ஆயது. அந்தப் புள்ளியே விந்து. நாதம் விந்து என்று நம் பெரியோர் சேர்த்துச் சொல்லும் அதே விந்துதான். தைப்பொங்கலன்று முற்றத்திலே மாக்கோலம் இடுகின்ற தாய்மாரும் இம்மரபிற்குப் புறம்பானவரல்லர். எம் அயலிலுள்ள பள்ளிவாசல்களைப் பாருங்கள். உருவம் தீட்டாத அம்மரபு கட்டத்தையும் வட்டத்தையும் நட்சத்திரக் கோணத்தையும் கொண்டே அழகு செய்து வந்திருக்கிறது. மருதமுனைத் தறியிலே நெய்யப்படும் சேலைக் கரையிலும் கோடும் கட்டமும்தானே பேசுகின்றன!

இவற்றின் உட்பொருளை மேனாட்டார்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தவருள் தலையாயவர் நம் நாட்டவர். ஸேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராக 1877இல் கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நூதனசாலையிலே சேர்ந்து, 1947இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். சிவநடனம் பற்றிய அவருடைய கட்டுரைத் தொகுதி 1918இல் வெளிவந்தது. நம் சிற்பி கண்முன் ஓர் ஆளை நிறுத்தி வைத்து அவரைப்போலச் செய்வதில்லை; தியானத்திலே உருவை அமைத்துக்கொண்ட பின்னரே உளியை எடுக்கிறான். இயற்கையைப் பார்த்து எழுதுதலே கலை என்று எண்ணியிருந்த பலர்க்கு இவ்விளக்கம் ஒரு புது வாயிலைத் திறந்தது.

இதற்கு முன்னரேயே கீழைத்தேயக் கருத்துக்கள் வேறொரு வழியாகவும் ஐரோப்பா சென்றிருந்தன. பிரமஞான சங்கத்தார் 1882இல் சென்னை அடையாற்றைத் தம் தலைமையிடமாகக் கொண்டனர். அச்சங்கத்தைச் சேர்ந்த அன்னி பெசன்ற் அம்மையாரும் லெட்பீற்றரும், எண்ணங்களுக்கும் உணர்ச்சிகளுக்கும் நிறமும் வடிவமும் உண்டென்று கூறி, ஆள் உருவம் இல்லாத வண்ணப் படங்களோடு 1905இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஒல்லாந்து நாட்டு ஓவியர் மொன்றியான் 1909இல் அச்சங்கத்தில் அங்கத்தவரானார். ரஷ்யரான கண்டின்ஸ்கி 1911இல் வெளியிட்ட, கலையில் ஆன்மிகம் பற்றிய தம் நூலிலே பிரமஞானத்தைக் குறிப்பிட்டு எழுதினார். அருவ ஓவியத்தின் மூலவர்களுள் இவ்விருவரும் அடங்குவர். ஆயினும், நவீன சித்திரம் முழுவதும் அடையாற்றிலே பிறந்தது என்று நாம் மார்தட்டப் புறப்படலாகாது. செசானும், பிக்காசோவின் கூட்டத்தாரும், மேலைச் சங்கீதமும் அதற்கு ஆற்றிய பங்கு பெரிது. பிரமஞானிகள் சொன்ன கீழைத்தேயமும் பலபடக் கலந்த ஒரு கீழைத்தேயமே. நாம் சொல்ல வருவது இவ்வளவுதான்: போக்கும் வரவும் ஆரம்பம் முதலே இருந்தன. 1922 டிசம்பரிலே கல்கத்தாவில் ஒரு சித்திரக் காட்சி நடந்தபோது, கண்டின்ஸ்கி, கிளே முதலியோரின் படைப்புகள் ஜெர்மனியிலிருந்து அங்கு வந்து வைக்கப்பட்டன.

இனி நம் வாலிபர் பெரிதும் அறியவேண்டிய இருவரைப் பற்றிக் கூறுவோம்.

1929இல் காசுமீரத்துச் சிறீநகரில் ஒரு முஸ்லிம் குடும்பத்திலே பிறந்தவர் குலாம் ரசூல். தந்தையார் இறந்துபோக, படிப்பை இடையில் விட்டு, விளம்பரப் பலகை எழுதியும், தறியில் நெய்தும், காகிதக்கூழ்ப் பாண்டங்களிலே பூவேலை தீட்டியும் சீவித்தார். 1954இல் கிடைத்த உதவிப்பணத்தால் பரோடாவிலே பேந்திரே என்னும் ஓவியரிடம் பயின்றார். சந்தோஷ் என்னும் பண்டிதர் குலத்துப் பெண்ணை மணந்து, மனைவியின் பெயரையே தம் பெயராக்கி ஜி. ஆர். சந்தோஷ் ஆனார். மனைவி கணவன் பெயரைச் சூடுவது உலக வழக்கம். இவர் செய்ததோ வேறு. 1964இல் பனிக்கட்டியே இலிங்கமாகத் திரளும் அமர்நாத் குகைக்குச் சென்று வந்தார். அதன்பின் சில ஆண்டுகள் சித்திரத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுக் காசுமீர சைவ நூல்களிலே ஆழ்ந்தார். மீண்டும் தூரிகை எடுத்தபோது பிறந்தவையே அவரை உலகறியச் செய்தன. இடமும் வலமும் ஒன்றையொன்று ஒத்த அமைப்பு. முக்கோணமும் வட்டமும் சேர்ந்து, பதுமாசனத்தில் அமர்ந்த ஓர் உடலெனத் தோற்றும். நடுவே கீழிருந்து மேலெழும் ஒளி. சிவமும் சத்தியும் பிரிவற நிற்கும் நிலையே அவற்றின் பொருள். காசுமீர சைவம் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்னும் நம் சித்தாந்தத்தோடு எல்லாவிடத்தும் ஒத்துப்போவதன்று என்பதைப் பெரியோர் அறிவர். அது நிற்க. லல்லேசுவரி அம்மையாரை இரு சமயத்தாரும் போற்றும் மண்ணிலே பிறந்தவர்க்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. கவிஞராகவும் சிறந்து, காசுமீர மொழிக் கவிதைக்காகச் சாகித்திய அக்காதமிப் பரிசு பெற்ற அவர் 1997இல் காலமானார்.

மற்றையவர் சையத் ஹைதர் ரஸா. 1922இல் மத்திய மாகாணத்திலே, நருமதை பாயும் மண்டலா மாவட்டத்தில், காட்டிலாகா அலுவலர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். சிறுவயதில் மனம் ஒருநிலைப்படாது அலைந்த அவரை அழைத்து, ஆசிரியர் சுவரிலே ஒரு புள்ளியை இட்டு, அதனையே பார்த்திருக்கும்படி பணித்தாராம். 1947இல் பம்பாயிலே முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியோருள் ரஸாவும் ஒருவர். பிரிவினைக்குப் பின் உடன்பிறந்தோர் பாகிஸ்தான் சென்றனர், அவர் செல்லவில்லை. 1950இல் பாரிசு சென்று, அந்நாட்டுக் கிராமங்களையும் கோவில்களையும் தடித்த எண்ணெய் வண்ணத்தால் தீட்டி, 1956இல் அங்குள்ள விமரிசகர் வழங்கும் பரிசைப் பெற்றார். 1962இல் அமெரிக்காவில் கற்பித்தபோது ரொத்கோ போன்றோரின் வண்ணப்பரப்புகளையும் கண்டார். புகழும் பொருளும் வந்தும், இதிலே தம் நாடு எங்கே என்னும் கேள்வி அவரை விடவில்லை. எழுபதுகளிலே பலமுறை தாய்நாட்டைச் சுற்றிப் பார்த்தார். 1980ஆம் ஆண்டளவிலே, சுவரிலிருந்த அந்தப் புள்ளி பெரியதொரு கறுத்த வட்டமாக அவர் திரையில் வந்து அமர்ந்தது. விந்து என்றே அதற்குப் பெயரிட்டார். அதனைச் சூழ ஐம்பூதங்களின் வண்ணங்கள் விரிந்தன. வண்ணத்தைக் கையாளும் வித்தை பிரான்சிலே பெற்றது; எதைத் தீட்டுவது என்பது மண்டலாவிலே பெற்றது. 1983இல் தீட்டிய 'சௌராஷ்டிரா' என்னும் படம் 2010இல் பதினாறு கோடி ரூபாவுக்கு மேல் விலை போயிற்று. 2016இல் டில்லியில் மறைந்து, மண்டலாவிலே தந்தையாரின் கபுறுக்கருகில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

விந்துவும் சிவசத்தியும் நம்முடையவை, பிறர்க்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார் எம்மிடையே உளர். கோவில் மணியும் பாங்கொலியும் ஒருங்கே கேட்கும் இக்கரையோரத்தில், 1985க்குப் பின் இரு சமூகமும் பட்டவற்றை அறிந்தோர்க்கு இக்கேள்வி எங்கிருந்து எழுகின்றதென விளங்கும். சந்தோஷும் ரஸாவும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. பல்லாண்டு கற்று, உழைத்து, அப்பொருளைத் தமதாக்கிக்கொண்டனர். பிறப்பினாலே உரிமையுடைய நம்மில் எத்தனைபேர் அவ்வளவு உழைத்திருக்கிறோம்?

தமிழகத்திலும் ஒருவர் உழைத்தார். கோயம்புத்தூரிலே 1911இல் பிறந்த மலையாளியான கே. சி. எஸ். பணிக்கர், சென்னைக் கலைப் பாடசாலையின் அதிபராக 1957 முதல் 1967வரை இருந்தவர். 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் சித்திர வரிசையைத் தொடங்கினார். சாதகக் கட்டம், எழுத்துப் போன்ற கீறல்கள், கணக்குக் குறிகள் யாவும் அவற்றில் நிரம்பியிருக்கும்; வாசிக்க முயன்றால் ஒரு சொல்லும் அகப்படாது. 1966இல் கடற்கரையோரத்திலே சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமம் அவர் முயற்சியால் எழுந்தது. ஓவியர்கள் பற்றிக் துணி முதலிய கைப்பணிகள் செய்து விற்ற பணத்தாலேயே நிலம் வாங்கினர் என்பது நம் சங்கங்கள் கவனிக்கத்தக்கது.

குறை சொல்லவும் இடமுண்டு. 1971இல் இலண்டனிலே தாந்திரிகக் கலைக் காட்சி பெரிதாக நடந்தபின், முக்கோணமும் பாம்பும் போட்டால் விலை போகும் என்ற காலம் ஒன்று வந்தது. வழிபாட்டுச் சக்கரம் வரவேற்பறை அலங்காரமாயிற்று. ரஸாவின் கடைசிக்காலப் புள்ளிகளிலே பழைய வீறு குறைந்துவிட்டது என்பாரும் உளர். அது எமக்கும் உடன்பாடே.

இலங்கையிலே 1943இல் கொழும்பில் தோன்றிய '43 குழுவினர் இவ்வளவு தூரம் செல்லவில்லை. கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜோர்ஜ் கீற், பிக்காசோவின் கோடுகளை இராதைக்கும் கண்ணனுக்கும் அணிவித்தார். ஆனால் உருவத்தை விட்டாரல்லர். பொரளைக் கோதமி விகாரையின் சுவரிலே அவர் தீட்டியவற்றைக் காணலாம். பாண்ஸ் பிளேசிலுள்ள சபுமல் மன்றத்திலே அக்குழுவினரின் படங்கள் உள்ளன. கொழும்புக்குப் போகும் வாலிபர் ஒரு பிற்பகலை அதற்கென ஒதுக்குவாராக.