ஜவ்வாது மலை: பேர் இல்லாத வீடும், பேர் உள்ள நாயும்

ஜவ்வாது மலைக்குப் போய்ட்டு வந்தவங்களைக் கேட்டா பெரும்பாலும் ரெண்டு இடம் சொல்லுவாங்க. ஒண்ணு பீமன் அருவி. இன்னொண்ணு காவலூர் வானாய்வகம், அதாவது 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் இடம். வரலாற்று ஆர்வம் உள்ளவங்களுக்கு மூணாவதா ஒரு இடம் உண்டு: ஜமுனாமரத்தூர் பக்கம் இருக்கும் கீழ்செப்பிலி.

அங்கே இருப்பவை கல்திட்டைகள். நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்த அறைகள். சாந்து கிடையாது. கற்கள் ஒன்றையொன்று தாங்கித்தான் நிற்கின்றன. ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும். ஊர்க்காரர்கள் இவற்றைக் குள்ளர் வீடு என்கிறார்கள். இவ்வளவு சின்ன வாசல் என்றால் குடியிருந்தவர்களும் குள்ளமாகத்தானே இருந்திருக்கணும்? பார்த்ததை வைத்துப் போட்ட நல்ல கணக்குதான். ஆனா இவை இறந்தவர்களுக்கான அறைகள். பெருங்கற்காலப் புதைவிடங்கள் பலவற்றில் உடலை முழுதாகப் புதைக்கவில்லை, எலும்புகளைப் பிறகு சேகரித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு இந்த இடம் போதும்.

காலம்? மேற்கே கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். அதற்காக ஒவ்வொரு கல்திட்டைக்கும் அந்த வயசைப் போட்டுவிடக் கூடாது. இந்தப் பழக்கம் பல நூற்றாண்டுகள் தொடர்ந்திருக்கிறது. கட்டியவர்கள் ஒரு எழுத்துகூட விட்டு வைக்கவில்லை. ஒரு கமெண்ட்டும் எழுதாமல் வேலையை விட்டுப் போன புரோகிராமர் மாதிரி!

பேர் வேணும்னா மலையை விட்டு இறங்கணும். தெற்கே அடிவாரத்தில் செங்கம் வட்டாரம். அங்கே கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் நிறைய. பெரும்பாலும் ஒரே கதைதான்: மாட்டைக் கவர வந்தார்கள், மீட்கப் போனவன் செத்தான், ஊர் கல் நட்டது.

அதில் எடுத்தனூர்க் கல் தனி ரகம். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவன் பேர் கருந்தேவக்கத்தி. கூடவே இன்னொரு பேரும் இருக்கு: கோவிவன். அது அவனுடைய நாய், ரெண்டு திருடர்களைக் கடித்ததாம். மகேந்திரவர்மன் குடைவரைகளைக் குடைந்த அதே காலத்தில், அவன் நாட்டின் ஓரத்தில் ஒரு நாயின் பேரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ராஜா பேர் அங்கே ஆண்டைச் சொல்ல மட்டும்தான்.

நினைவுச்சின்னம்னாலே நமக்குப் பெரிய கோபுரம், பெரிய அரசன். இங்கே மலை மேலேயும் கீழேயும் இருப்பது ஊரார் தங்கள் செத்தவங்களுக்குச் செய்தது. அதனாலேயே இவற்றுக்குப் பாதுகாப்பும் கம்மி. கல்திட்டையின் அடியில் புதையல் இருக்குன்னு தோண்டுறாங்க. பலகைக் கல் துணி துவைக்கவும் படி கட்டவும் போயிடுது. தப்பிய நடுகற்கள் பல, வேடியப்பன் என்ற சாமியாக மாறியதால்தான் தப்பின. தொல்லியல் துறை வருவதற்கு ரொம்ப முன்னாடியே கற்பூரம் காட்டியவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

போறவங்களுக்கு மூணு விஷயம். ஊருக்குள்ள கேட்டுட்டு, முடிஞ்சா உள்ளூர்க்காரர் ஒருத்தரோட போங்க. மூடிக்கல் மேல ஏறி போட்டோ எடுக்காதீங்க. எழுத்து தெரியலைன்னு சாக்பீஸ் தேய்க்காதீங்க, சாயங்காலம் சாய்ந்த வெயிலில் எழுத்து தானாகவே எழுந்து நிற்கும். நடுகல் தேடுறவங்க செங்கம், தண்டராம்பட்டு பக்கம் "வேடியப்பன் கோயில் எங்கே?"ன்னு கேளுங்க. நடுகல்னு கேட்டா நிறைய பேருக்குத் தெரியாது.