கார்டு பெட்டியிலிருந்து பயணிகள் பெட்டிக்கு

பிரிட்டன் ரயில்களில் சக்கர நாற்காலியில் வருபவருக்கு நெடுங்காலம் கிடைத்த இடம் கார்டு பெட்டி. பார்சல்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே ஏற்றிக் கதவைச் சாத்திவிடுவார்கள். குளிர்காலத்திலும் அங்கே பெரும்பாலும் கதகதப்பு இருக்காது. கழிவறைக்குப் போகவும் வழியில்லை. பயணிகள் பெட்டியின் கதவு குறுகல், சரக்கு ஏற்றும் கதவுதான் அகலம் என்பதே இதற்குக் காரணம். 1970கள் கடந்த பிறகும் பல தடங்களில் இந்த வழக்கம் நீடித்தது. 

லண்டன் சுரங்க ரயிலில் நிலைமை இதைவிடக் கடுமை. ஆழத்தில் ஓடும் பாதைகளில் சக்கர நாற்காலிக்கு 1993 வரை தடையே இருந்தது. அதே நகரில் 1987-இல் திறந்த டாக்லேண்ட்ஸ் இலகு ரயிலிலோ தொடக்கத்திலேயே எல்லா நிலையங்களிலும் லிப்டோ சாய்தளமோ இருந்தது. பெட்டியின் தளமும் நடைமேடையும் ஏறக்குறைய ஒரே மட்டம். தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்கு அத்தோடு செல்லாமல் போயிற்று.

சட்டம் எளிதில் வரவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான மசோதா ஒன்று 1994-இல் நாடாளுமன்றத்தில் பேசிப் பேசியே நேரம் கடத்தி முடக்கப்பட்டது. அப்போது மாற்றுத்திறனாளிகள் நலனுக்கான அமைச்சராக இருந்தவர் நிக்கோலஸ் ஸ்காட். மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பில் பணியாற்றிய அவருடைய மகளே அவரை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியதும் விவகாரம் ஊரறிந்ததாயிற்று. அடுத்த ஆண்டே அரசு பாகுபாட்டுத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் கீழ் 1998-இல் வந்த ரயில் பெட்டி விதிகள்தாம் உண்மையான திருப்பம். சக்கர நாற்காலிக்கு 1,300 மில்லிமீட்டர் நீளமும் 750 மில்லிமீட்டர் அகலமும் உள்ள இடம், 850 மில்லிமீட்டர் அகலக் கதவு, நாற்காலியோடு நுழையக்கூடிய கழிவறை என எல்லாவற்றையும் அவை அளவிட்டே சொல்லின. ‘இயன்றவரை வசதி’ போன்ற நழுவல் சொற்களுக்கு அங்கே இடமில்லை. புதிய பெட்டிகளுக்கு 1999 முதல் இவை கட்டாயம். பழைய பெட்டிகளுக்குக் கெடு 2020 ஜனவரி 1. பேருந்து உடலை ரயில் சக்கரத்தின் மேல் வைத்ததுபோல 1980களில் செய்த ‘பேசர்’ வண்டிகள் இந்த விதிகளுக்குள் அடங்கவில்லை. சில மாத விலக்குகளோடு ஓடி, 2021-இல் வழக்கமான சேவையிலிருந்து அவை விடைபெற்றன.

பெட்டிக்குள் இடம் வந்துவிட்டது. ஏறுவதுதான் தீராத சிக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனித்தனி நிறுவனங்கள் தம் போக்கில் கட்டிய நடைமேடைகள் பல உயரங்களில், பல வளைவுகளில் உள்ளன. பின்னாளில் வந்த பொது அளவு 915 மில்லிமீட்டர். பெரும்பாலான ரயில்களின் தளம் அதற்கும் மேலே. ஆகவே ஊழியர் சாய்பலகையைத் தூக்கிவந்து போட்டால்தான் ஏறவும் இறங்கவும் முடியும். இந்த உதவிக்கு முந்தைய நாளே சொல்லிவைக்க வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் அது 2 மணி நேரமாகக் குறைந்தது.  கிழக்கு இங்கிலாந்தில் 2019 முதல் ஓடும் தாழ்தள ரயில்களிலோ கதவடியிலிருந்து நீளும் படி இடைவெளியை அடைத்துவிடுகிறது.

பாராலிம்பிக் வீராங்கனையும் பிரபுக்கள் அவை உறுப்பினருமான டானி கிரே-தாம்சன் 2024 ஆகஸ்டில் பாரிஸ் பாராலிம்பிக்கிற்குச் செல்லும் வழியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தை அடைந்தார். சாய்பலகையோடு யாரும் வரவில்லை. பொருள்களை நடைமேடையில் எறிந்துவிட்டு, ரயிலிலிருந்து ஊர்ந்து இறங்கினார்.