வெட்டாத நொதியும் குன்றல் பகுப்பும்: ஈஸ்டின் எக்ஸ்ஆர்என்1 புரதம் குறித்த ஒரு மறுவாசிப்பு

ஈஸ்டின் எக்ஸ்ஆர்என்1 புரதம் குன்றல் பகுப்பில் ஆற்றும் பணிக்கும் ஆர்என்ஏ சிதைவில் ஆற்றும் பணிக்கும் தொடர்பில்லை என்ற கருத்து, பெரும்பாலும் 1999-இல் வெளியான ஓர் ஆய்வையே அடித்தளமாகக் கொண்டு நிலவிவருகிறது. அவ்வாய்வின் தரவுகளை இக்கட்டுரை ஐயுறவில்லை. அத்தரவுகளிலிருந்து அம்முடிவு பெறப்படாது என்பதும், இரண்டாண்டு முன்னதாக வெளியான வேறொரு சோதனையுடன் சேர்த்துப் படித்தால் அவை எதிர்த்திசையையே சுட்டுகின்றன என்பதுமே இங்கு முன்வைக்கப்படுகின்றன.

எக்ஸ்ஆர்என்1, முனைத்தொப்பி கழற்றப்பட்ட தூது ஆர்என்ஏவை அதன் 5′ முனையிலிருந்து ஒவ்வொரு நியூக்ளியோடைடாக அரித்துச் செல்லும் நொதி. இதன் மரபணு நீக்கப்பட்ட ஈஸ்ட் செல்கள் குன்றல் பகுப்பின்போது, ஒத்த குரோமோசோம்கள் முழு நீளத்திற்கும் இணைந்து நிற்கும் பாக்கிடீன் கட்டத்தில் தேங்கிவிடுகின்றன. 1995-இல் வெளியான விரிவான ஆய்வொன்று, இச்செல்களில் குறுக்கேற்றம் இயல்பளவில் 15 முதல் 50 விழுக்காடாகக் குறைவதையும், டிஎம்சி1 மரபணுவையும் சேர்த்து நீக்கினால் ஒரே குரோமோசோமின் இரு ஒத்த பகுதிகளுக்கிடையே நடுத்துண்டு வெளியேறும் வகை மறுகூட்டிணைவு ஏறக்குறைய மறைந்துபோவதையும் காட்டியது. செப்1 என்ற பழைய பெயரில் டிஎன்ஏ இழைகளை மாற்றிப் பிணைக்கும் புரதமாக இது அறியப்பட்டிருந்ததால், மறுகூட்டிணைவில் நேரடியாகப் பங்கேற்கிறது என்ற கருதுகோள் அன்று இயல்பானதாகவே தோன்றியது.

1999-ஆம் ஆண்டு ஆய்வு இந்தப் பின்னணியில்தான் எழுந்தது. நொதியின் வினைமையத்திலுள்ள 206, 208 ஆகிய இடங்களின் அஸ்பார்டிக் அமிலம் அலனினாக மாற்றப்பட்டபோது, அரிக்கும் திறன் அற்றுப்போயிற்று. சாதாரணமாக வளரும் செல்களில் மரபணுவையே நீக்கியதற்கு ஒப்பான விளைவுகள் தோன்றின. ஆனால் குன்றல் பகுப்பில் நீக்கத்திற்குரிய கடும் தேக்கமும் ஸ்போர்களின் மடிவும் காணப்படவில்லை. டிஎன்ஏவைப் பற்றும் திறனும் ஒத்த இழைகளை இணைக்கும் திறனும் சோதனைக்குழாயில் குறையாதிருந்தன. வெட்டும் செயல் தேவைப்படாததால் குன்றல் பகுப்பிலுள்ள பணி ஆர்என்ஏ சிதைவுக்குத் தொடர்பற்றது என்று அவ்வாய்வு முடிவுசெய்தது.

இங்கு ஒரு படி தாண்டப்படுகிறது. இழந்தது வினையூக்கம் மட்டுமே. அடிமூலக்கூற்றைப் பற்றுவது இழக்கப்படவில்லை. 2011-இல் வெளிவந்த படிகக் கட்டமைப்புகள், 5′ முனையின் ஒற்றைப் பாஸ்பேட்டை நேர்மின்னூட்ட அமினோ அமிலங்கள் அமைந்த ஒரு குழி இனங்காண்கிறது என்றும், அஸ்பார்டிக் அமிலங்களோ வெட்டுதலுக்கு வேண்டிய உலோக அயனிகளைப் பிடித்துவைக்கின்றன என்றும் தெளிவாக்கின. எனவே 208-ஆம் இடத்தில் மாற்றமுற்ற புரதத்தை, ஆர்என்ஏவோடு உறவற்ற புரதமாகக் கொள்வதைவிட, தொப்பியற்ற ஆர்என்ஏ முனையைப் பிடித்து வெட்ட இயலாமல் நிற்கும் புரதமாகக் கொள்வதே பொருத்தமானது. இந்த வேறுபாடு 1999-இல் கட்டமைப்பளவில் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அதன்பின்னும் அதே முடிவை மாற்றமின்றி எடுத்தாள்வதற்கு நியாயமில்லை.

1997-இல் வெளியான சோதனை இதனை மேலும் வலுப்படுத்துகிறது. எக்ஸ்ஆர்என்1-ஐ ஒத்த, இயல்பில் உட்கருவில் மட்டும் தங்கும் ராட்1 என்ற நொதி, உட்கருவுக்குச் செலுத்தும் சமிக்ஞைப் பகுதியில் மாற்றமுற்றுச் சைட்டோபிளாசத்தில் தங்கியபோது, எக்ஸ்ஆர்என்1 இல்லாத செல்கள் ஆர்என்ஏ சிதைவோடு ஸ்போர் உருவாக்கத்தையும் மீட்டுக்கொண்டன. வெட்டாத எக்ஸ்ஆர்என்1 போதுமானது. வெட்டும் ராட்1-உம் போதுமானது. முதற்பார்வையில் இவை முரணாகத் தோன்றலாம். ஆனால் எக்ஸ்ஆர்என்1 நீக்கப்பட்ட செல்களில் தொப்பியிழந்த தூது ஆர்என்ஏக்கள் சேர்ந்துவிடுகின்றன என்பது 1993 முதலே தெரிந்த செய்தி. குன்றல் பகுப்புக்குத் தடையாவது இம்முனைகள் பிணைப்பின்றித் திறந்திருப்பதுதான் என்று கொண்டால், ராட்1 அவற்றை அழித்தும், வெட்டாத எக்ஸ்ஆர்என்1 அவற்றை மூடிப்பிடித்தும் ஒரே விளைவைத் தருகின்றன. எக்ஸ்ஆர்என்1 செல்லில் மிகுதியாகக் காணப்படும் புரதம் என்பதால் இரண்டாவது வழியும் இயலாததன்று. வளர்நிலைச் செல்களுக்கோ முனையை மூடுவது மட்டும் போதாது, ஆர்என்ஏ தீர்ந்தாக வேண்டும் என்பதால், அங்கு நீக்கத்தின் விளைவுகள் அப்படியே நீடித்தன. இது இன்னும் கருதுகோளே. எனினும் இரு சோதனைகளையும் ஒருங்கே விளக்குவது என்ற அளவில் போட்டிக் கருத்துகளைவிட இது வலியது.

டியூபுலினைச் சேர்த்து நுண்குழல் அமைக்கும் திறனே குன்றல் பகுப்பில் முக்கியம் என்று கூறப்படலாம். வெட்டாத புரதம் அத்திறனைச் சோதனைக்குழாயில் காட்டியது உண்மை. ஆனால் நுண்குழலைக் குலைக்கும் பெனோமில் மருந்துக்கான இயல்பான எதிர்வினையைச் சைட்டோபிளாச ராட்1-உம் மீட்டுத் தந்ததால், அக்குறைபாட்டிற்கும் வேர் ஆர்என்ஏ சிதைவில்தான் உள்ளது.

நான்கிழை டிஎன்ஏவை வெட்டுவதே குன்றல் பகுப்பில் எக்ஸ்ஆர்என்1-இன் பணி என்ற வாதம் இந்திய ஆய்வுலகிற்கு அணுக்கமானது. கெம்1 என்ற பெயரில் இதே புரதம் குவானின் மிகுந்த நான்கிழை டிஎன்ஏவை வெட்டுவது 1994-இல் காட்டப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கே. முனியப்பாவின் ஆய்வுக்குழு, குன்றல் பகுப்புக்கேயுரிய ஹாப்1 புரதம் அத்தகைய டிஎன்ஏவைப் பற்றுவதையும் அதன் உருவாக்கத்தைத் தூண்டுவதையும் 2000-இல் வெளியிட்டது. ஹாப்1 பற்றிய முடிவு குரோமோசோம் இணைவிற்கு முதன்மையானது; ஆனால் அதனைக் கெம்1-உடன் கோத்துவிட இயலாது, ஏனெனில் வெட்டும் திறனற்ற புரதமே குன்றல் பகுப்புக்குப் போதுமானதாக இருந்தது.

உட்கருவிலேயே இப்புரதம் செயல்படக்கூடும் என்ற ஐயம் சற்று நின்று நோக்கத்தக்கது. 2013-இல் வெளியான ஆய்வின்படி எக்ஸ்ஆர்என்1 உள்ளிட்ட சிதைவுப் புரதங்கள் உட்கருவிற்குள் சென்று படியெடுத்தலைத் தூண்டுகின்றன. அதே ஆய்வு, அப்போக்குவரத்து ஆர்என்ஏ சிதைவு முறையாக நிகழ்வதைச் சார்ந்தது என்றும் கூறுகிறது. ஆகவே வெட்டாத புரதம் குன்றல் பகுப்பை மீட்டது உட்கருவில் நுழைந்ததால் என்பது ஏற்கத்தக்கதன்று.

பிணக்கைத் தீர்க்கும் சோதனை கடினமானதன்று. 208-ஆம் இடத்து மாற்றத்துடன், 5′ பாஸ்பேட்டைப் பற்றும் குழியிலுள்ள நேர்மின்னூட்ட அமினோ அமிலங்களையும் மாற்றி, டிஎன்ஏ இழை இணைப்பும் டியூபுலின் சேர்க்கையும் குறையவில்லை என்பதை உறுதிசெய்த பின், அப்புரதத்தை மட்டும் தாங்கிய இருமய ஈஸ்டை ஸ்போர் உருவாக்கும் ஊடகத்தில் வளர்க்க வேண்டும். பாக்கிடீன் தேக்கம் திரும்புமாயின் ஆர்என்ஏ முனையைப் பற்றுவதே தேவை என்பது உறுதியாகும். திரும்பாவிடில் இங்குக் கூறப்பட்ட கருதுகோள் கைவிடப்பட வேண்டும்.