மாலை மேடையும் காலை மேடையும்

தமிழ்நாட்டு மண்டபக் கல்யாணங்களில் மேடை ஒன்றுதான், அலங்காரம் இரண்டு. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். வரவேற்பில் கடைசிக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டு இறங்கும்போது இரவு மணி பதினொன்றைத் தொட்டிருக்கும். ஆறு மணி முகூர்த்தம் என்றால் ஐயர் நாலரைக்கெல்லாம் வந்து கலசம் வைக்க இடம் கேட்பார். இடைப்பட்ட நேரத்துக்குள் இளஞ்சிவப்புத் துணியும் வட்ட வளைவும் ரோஜாக்களும் இறங்கி, மணவறைத் தூணும் சம்பங்கிச் சரமும் ஏறியாக வேண்டும். ஏணி இழுக்கும் சத்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் தூங்குவது எப்படி என்பது தனிக் கதை.

இந்த இரண்டு அலங்காரங்களையும் புதுசு, பழசு என்று பிரித்து வைத்து, ஒன்றைத் தூக்கி இன்னொன்றைத் தாழ்த்துவது எளிது. 'தீம்' என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்களும், வாழைமரம் என்றாலே பழைய பாணி என்று ஒதுக்கும் இளையவர்களும் எல்லா வீட்டிலும் உண்டு. எனக்கு அந்தப் பிரிவினை போதவில்லை. யார் கண்ணுக்காகச் செய்கிறோம், பூ எந்த ஊரிலிருந்து வருகிறது, விடிந்தபின் அது எங்கே போகிறது என்று பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடும்.

மாலை மேடை நிறத்தில் தொடங்குகிறது. பெண்ணோ பெண்ணின் தங்கையோ கைபேசியில் நாலைந்து படங்களைக் காட்டி, "பீச்சும் லாவெண்டரும் மட்டும்தாண்ணா இருக்கணும், மஞ்சள் ஒரு பூகூட வரக்கூடாது" என்று டெகரேஷன்காரரிடம் சொல்லிவிடுகிறார்கள். நிறம் முடிவான பிறகுதான் பூவைத் தேடும் வேலை. அந்தத் தேடல் பெரும்பாலும் ஓசூரில் போய் நிற்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், வெயில் கடுமை குறைந்த அந்த மேட்டில், பசுமைக்குடில்களுக்குள் ரோஜா வளர்கிறது. சிவப்பில் 'தாஜ்மகால்' ரகத்துக்கு அங்கே தனி மதிப்பு. நீளக் காம்போடு வெட்டி, தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, தலைப்பக்கம் அட்டை சுற்றிக் குளிர் அறையில் வைக்கிறார்கள். ஜெர்பெராவுக்கு உபசரிப்பு இன்னும் அதிகம்: இதழ் மடங்கிவிடாமல் ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாக மெல்லிய பிளாஸ்டிக் உறை. கார்னேஷன் நீலகிரியிலிருந்து வருகிறது. ஊதா ஆர்க்கிட் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து விமானம் ஏறி வருகிறது. இவ்வளவுக்குப் பிறகும் கேட்ட நிறம் கிடைக்காவிட்டால் துணிப்பூ. பத்தடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை, ஓரளவுக்கு உண்மையும்கூட.

காலை மேடையில் கதை தலைகீழ். அங்கே பூ முதலில், நிறம் பிறகு. சந்தையில் அன்று என்ன இறங்கியிருக்கிறதோ அதுதான் அலங்காரம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் தோவாளையில் விடியுமுன்பே சந்தை கூடிவிடும். மதுரை, நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கத்து மல்லியும் சம்பங்கியும் அரளியும் செவ்வந்தியும் மூட்டை மூட்டையாக வந்து விழும். இவை காம்பில்லாத உதிரிப்பூக்கள். எடைபோட்டு வாங்கி, நாரில் தொடுத்து, சரமாக்கினால்தான் மேடை ஏறும். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, அடர்சிவப்பு, இடையிடையே மரிக்கொழுந்தின் பச்சை, கொஞ்சம் வாடாமல்லியின் ஊதா. கண்ணைப் பறிக்கும் இந்த வண்ணக் கூட்டணியை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. வயலில் விளைவது இவ்வளவுதான் என்பதால் அமைந்தது. தலைமுறை தலைமுறையாக இதுவே கல்யாண நிறமாகிவிட்டதால், இதுவும் ஒரு தீம்தான் என்பது நம் கண்ணில் படுவதே இல்லை.

பூவின் நாட்காட்டியும் இரண்டு மேடைக்கும் வேறு. ஓசூர்க்காரர்கள் பிப்ரவரி 14ஐக் குறிவைத்துச் செடியைக் கவாத்து செய்பவர்கள். காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கும் வடக்கே பெருநகரங்களுக்கும் ரோஜா போகும் அதே வாரங்களில்தான் நம் தை முகூர்த்தங்களும் வருகின்றன. ரோஜா விலை ஏறாமல் என்ன செய்யும்? மல்லிக்கு வேறு தொல்லை. பனி விழும் மார்கழி, தை மாதங்களில் விளைச்சல் சுருங்கிவிடும். தேவை கூடும் நேரத்தில் வரத்து குறைந்து, முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களில் பேசப்படும். அப்போது மேடைச் சரத்தில் மல்லியைக் குறைத்துச் சம்பங்கியைக் கூட்டுவார் பூக்காரர். அனுபவமுள்ள வீட்டார் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். மணப்பெண்ணின் தலைக்கு மட்டும் மல்லி குறையாமல் பார்த்துக்கொள்வார்கள்.

வேலைப்பாட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். 2025இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை, நார்; பொருள் இவ்வளவுதான். பூவை மடித்து மடித்து வரிசை பிசகாமல் கோக்கும்போது, கல் பதித்த நகையின் பளபளப்போடு ஒரு தட்டையான பட்டை உருவாகிறது. ஓரிடத்தில் வரிசை தவறினால் அந்தக் கோலம் முழுவதும் கோணலாகிவிடும். கைதான் அங்கே எல்லாம்.

மாலை மேடையின் பூ வேலையில் கைக்கு இணையாக இன்னொன்று இருக்கிறது: பச்சை நிறத்தில் செங்கல் அளவில் வரும் ஃபோம் கட்டி. 1954இல் அமெரிக்காவில் வெர்னான் ஸ்மித்தர்ஸ் என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள் இது. தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தால் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். காம்பைச் சாய்வாக வெட்டி எந்தக் கோணத்திலும் குத்தலாம், பூ அசையாது. வளைவின் ஓரத்தில் மலர்கள் கொத்துக் கொத்தாக வழிந்து இறங்கும் அழகு இந்தக் கட்டியின் உபயம். காலையில் அது குப்பைக்குப் போகிறது. பினாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிளாஸ்டிக் அது. மக்காது, நொறுங்கிப் பொடியாகி மண்ணிலும் நீரிலும் கலந்துவிடும். பூ குத்த ஏதாவது ஒன்று வேண்டும்தான். கோழிவலையைச் சுருட்டிக் குத்தலாம். வாழைத்தண்டிலும் குத்தலாம், ஈரம் அதிலேயே இருக்கிறது, மறுநாள் மாட்டுக்குப் போடலாம்.

இதைச் சொன்னதும் காலை மேடை சுத்தத் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், தூணுக்குத் தங்கப் பெயின்ட் அடித்த தெர்மாகோல், மேலே நைலான் செவ்வந்திச் சரம் என்று அதுவும் வெகுதூரம் வந்துவிட்டது. வாழைமரத்தைத் தாரோடு கட்டி, பாக்குக் குலையும் இளநீர்க் குலையும் கூந்தற்பனையும் தொங்கவிட்டு, குருத்தோலையில் கிளி பின்னி மாட்டும் பந்தல்காரர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தென்னங்குருத்தைக் கீறிக் கிளி செய்யத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், தேதி குறித்த அன்றே அவரைப் பிடித்துவிடுங்கள்.

இனி, யார் கண்ணுக்காக என்ற கேள்வி. வரவேற்பு மேடை ஒரே ஒரு கேமராவுக்காகக் கட்டப்படுகிறது. மணமக்கள் நடுவில் நிற்பார்கள். உறவும் நட்பும் ஒரு பக்கம் ஏறி, அன்பளிப்பைக் கொடுத்து, படத்துக்கு நின்று, மறுபக்கம் இறங்கும். ஆகவே தரையிலிருந்து ஆளுயரத்துக்குச் சற்று மேல்வரை, பத்துப் பேர் நிற்கும் அகலத்துக்குப் பின்னணி நிறைந்திருந்தால் போதும். இங்கே ஒளிதான் பாதி அலங்காரம். பின்னால் துணியில் விழும் ஊதா வெளிச்சம் அழகு. அதே விளக்கு முன்னால் திரும்பி மணப்பெண் முகத்தில் விழுந்தால் எந்த ஒப்பனையும் காப்பாற்றாது. முகத்துக்கு வெள்ளை ஒளி, துணிக்கு வண்ண ஒளி என்று கறாராகப் பிரித்து வைப்பவரே நல்ல டெகரேஷன்காரர்.

முகூர்த்த மேடையில் மணமக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றி அப்பா, அம்மா, தாய்மாமன், ஐயர், நாத்தனார், விளக்குப் பிடிப்பவர், எட்டிப் பார்க்கும் சிறுவர்கள். தாலி கட்டும் நேரத்தில் கீழே இருப்பவர்களுக்குத் தெரிவது உறவினர்களின் முதுகுதான். அதனால் இடுப்புயரத்தில் என்ன பூ வைத்தாலும் வீண். அழகெல்லாம் தலைக்கு மேலே, மணவறையின் நான்கு தூண்களின் மேல்பாதியிலும் விதானத்திலும் இருந்தாக வேண்டும். ஓமம் வளர்க்கும் வீடுகளில் நெருப்பும் புகையும் உண்டு. மெல்லிய துணித் தொங்கல்கள் அங்கே ஆபத்து. பழைய பந்தல் முறை பூவையும் குலைகளையும் உயரத்தில் வைத்ததற்குச் சாத்திரம் எதையும் தேட வேண்டியதில்லை, கூட்டமும் நெருப்பும் போதும். அதோடு காலை மேடையை மூக்கும் பார்க்கிறது. ஓசூர் ரோஜாவில் பல ரகங்களுக்கு வாசம் மிகக் குறைவு. நீண்ட நாள் வாடாமல் இருப்பதே அதன் வளர்ப்பு நோக்கம். மல்லியோ, முதல் நாள் விடியலில் மொட்டாகப் பறித்தது, அந்தி சாய்ந்ததும் தானாக விரிந்து மண்டபத்தையே மணக்க வைக்கும்.

காதல் எந்த மேடையில் இருக்கிறது என்று கேட்டால், இதய வடிவ வளைவும் இரண்டு பெயர்களின் முதலெழுத்தும் இருவருக்கான சோபாவும் மாலை மேடைக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லும். இது கல்யாணத்தில் 'நாம் இருவர்' என்று உரக்கச் சொல்லும் ஒரே இடம். உற்றார் உறவினர் எல்லோரும் பங்கு கேட்கும் ஒரு சடங்கில் அந்த மூன்று மணி நேரம் மணமக்களுக்கு வேண்டியதுதான். ஆனாலும் என் கட்சி காலைப் பக்கம். மாலை மாற்றும்போது மாமன்மார் தோளில் தூக்கிக்கொள்ள, எட்டாத கழுத்துக்கு மாலையை வீசுகிற அந்த விளையாட்டிலும், பூச்சுற்றிய சங்கிலியில் ஊஞ்சலாடும்போது இருவரும் பேசிக்கொள்ளும் ஓரிரு வார்த்தையிலும் இருப்பதைப் பின்னணித் துணி எதுவும் தந்துவிடாது. அங்கே பூ வெறும் காட்சிப்பொருளாக இல்லை, அவர்கள் கையிலேயே இருக்கிறது.

சிக்கல் வருவது ஒன்றின் சட்டத்தை மற்றதன் மேல் ஏற்றும்போது. முகூர்த்தத்துக்கும் வெளிர்நிறத் தீம் என்று பிடிவாதம் பிடித்து, அரக்கு நிறக் கூறைப் புடவைக்குப் பின்னால் சாம்பல் கலந்த இளம்பச்சையும் வெண்மையும் வைத்த மேடைகளைப் பார்க்கிறோம். காலை வெளிச்சத்தில் அவை வெளுத்துப் போன சுவர்களாகத் தெரிகின்றன. பட்டுச் சிவப்புக்கும் தங்கச் சரிகைக்கும் ஈடுகொடுக்க மஞ்சள் செவ்வந்தியும் பச்சை இலையும் வேண்டும். மாறாக, இரவு வரவேற்பில் மேடை முழுக்க ஆரஞ்சுச் செவ்வந்தியை அப்பினால், விளக்கொளி அதில் பட்டு மணமக்கள் முகத்தில் மஞ்சள் அடிக்கும். மாலைக்கு வெளிர்நிறங்களும் துணியும் ஒளியும், காலைக்கு அடர்நிறங்களும் பூவும் இலையும் என்பதே பொருத்தம். இரண்டையும் இணைக்க ஒரு நிறம் போதும்: காலைச் சரத்தில் வரும் அடர்சிவப்பை மாலை வளைவின் ஒரு மூலையில் கொஞ்சமாக வைத்தால், மறுநாள் படத்தொகுப்பில் இரண்டும் ஒரே கல்யாணம் என்று தெரியும்.

பணம் அளவாக இருந்தால் மாலை மேடையில்தான் குறைக்க வேண்டும். நல்ல துணி, சரியான விளக்கு, ஒரே ஒரு இடத்தில் உண்மையான பூ. மிச்சத்தைக் காலைக்குக் கொடுங்கள். முன்பணம் தருமுன் புடவையின் ரவிக்கைத் துணியை எடுத்துப் போய் டெகரேஷன்காரரிடம் காட்டுங்கள். கைபேசிப் படத்தை நம்பி நிறம் சொல்லாதீர்கள். எத்தனை பூ நிஜம், எத்தனை துணி என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஃபோம் வேண்டாம் என்பதையும் அதே ரசீதில் சேர்த்துவிடுங்கள்.