பீசா பேராலயச் சதுக்கம்: கல்லில் பதிந்த நகர வரலாறு

முன்னுரை

இத்தாலியின் பீசா நகரம் அதன் சாய்ந்த கோபுரத்தால் உலகெங்கும் அறியப்படுகிறது. ஆயின் அக்கோபுரம் தனிக் கட்டடம் அன்று. பேராலயத்தின் மணிக்கோபுரம் ஆகும். பேராலயம், திருமுழுக்கு மண்டபம், மணிக்கோபுரம், கல்லறை வளாகம் ஆகிய நான்கையும் ஒருசேர நோக்கினால் ஒரு கடல் வணிகக் குடியரசின் வளர்ச்சியும் தளர்ச்சியும் புலப்படும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடற்செல்வமும் பேராலயமும்

பீசாவின் கப்பற்படை 1063-இல் முஸ்லிம்களின் ஆட்சியிலிருந்த சிசிலியின் பலேர்மோ துறைமுகத்தைத் தாக்கிப் பெரும்பொருள் கவர்ந்தது. அப்பொருள் பேராலயப் பணிக்குப் பயன்பட்டதை முகப்பிலுள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. முதற் கட்டடக் கலைஞர் புஸ்கேத்தோவின் கல்லறையும் அம்முகப்பிலேயே உள்ளது. 1118-இல் திருத்தந்தை இரண்டாம் ஜெலாசியுஸ் ஆலயத்தை நேர்ந்தளித்தார். பழைய ரோமானியத் தூண்களும் எழுத்துப் பொறித்த கற்களும் இதில் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. கழுகுத் தலையும் விலங்குடலும் கொண்ட இஸ்லாமிய வெண்கலச் சிற்பம் ஒன்று, அரபு வாசகத்துடனேயே, பல நூற்றாண்டுகள் அதன் கூரைமேல் நின்றது. பகைவரின் கலையைப் பீசா அழிக்கவில்லை. தன் வெற்றியின் அடையாளமாக உயர்த்தி வைத்தது எனக் கருதலாம்.

இரு காலங்களின் மண்டபம்

தியோதிசால்வி 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய திருமுழுக்கு மண்டபம் 14-ஆம் நூற்றாண்டில்தான் நிறைவுற்றது. கீழ்த்தளத்தின் அரைவட்ட வளைவுகள் ரோமனெஸ்க் பாணியையும், மேற்பகுதியின் கூர்முனைகள் கோதிக் பாணியையும் சார்ந்தவை. நிக்கோலா பிசானோ 1260-இல் முடித்த மறையுரை மேடையில் ரோமானியக் கல்பேழைச் சிற்பங்களின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது.

இடைநிறுத்தம் காத்த கோபுரம்

மணிக்கோபுரப் பணி 1173-இல் தொடங்கியது. சில தளங்கள் எழுந்ததும் வேலை நின்று, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1272-இல் தொடர்ந்தது. அவ்விடைவெளியில் அடியிலிருந்த மென்களிமண் இறுகியது; இடையறாது கட்டியிருந்தால் கோபுரம் சரிந்திருக்கும் என்பது பொறியியலாளர் கருத்து. மேல்தளங்களைச் சாய்வுக்கு எதிர்ப்புறமாகத் திருத்திக் கட்டியதால் கோபுரம் சற்றே வளைந்தும் உள்ளது. 1284-இல் மெலோரியா கடற்போரில் ஜெனோவாவிடம் பீசா தோற்றது. மணிமாடம் 14-ஆம் நூற்றாண்டிலேயே நிறைவுற்றது.

முடிவுரை

கடல் வெற்றியின் செல்வத்தில் பேராலயம் எழுந்தது. தோல்விக்குப் பின்னும் கோபுரப் பணி கைவிடப்படவில்லை. 1278-இல் தொடங்கப்பட்ட கல்லறை வளாகம் 1944-இல் போர்த்தீயில் சிதைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. யுனெஸ்கோ 1987-இல் இச்சதுக்கம் முழுவதையும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சாய்வை மட்டும் காண்பவருக்கு இது ஒரு கட்டுமானப் பிழை. நான்கையும் சேர்த்துக் காண்பவருக்கு இது ஒரு நகரத்தின் வரலாற்று ஆவணம்.