கத்திக்கு முன்னும் பின்னும்: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் நோயாளிகள் வளர்த்த அறிவுரை மரபு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வேரூன்றிய எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் பெயர்களாலும், அவர்கள் வெட்டியும் தைத்தும் மாற்றியமைத்த குடல் வழிகளாலுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்த வரலாற்றின் உள்ளேயே, அவ்வளவாகப் பதிவு பெறாத மற்றொரு மரபும் வளர்ந்தது. சிகிச்சை செய்துகொண்டவர், அதற்காகக் காத்திருப்பவரின் அருகில் அமர்ந்து, உண்பது, பருகுவது, உறங்குவது, உறவினரை எதிர்கொள்வது என அன்றாட வாழ்வின் ஒவ்வொரு கூறையும் எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தரும் வழக்கம் அது. அறுவை அரங்கில் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இச்சிகிச்சையின் பலன், நோயாளி அதற்குப் பின் வாழும் இருபது முப்பது ஆண்டுகளின் ஒழுக்கத்தைச் சார்ந்திருப்பதால், இந்த வழக்கத்தை மருத்துவத்தின் ஓரத்தில் நிற்கும் ஆறுதல் பேச்சாகக் கருதுவது பொருந்தாது. சிகிச்சையின் இரண்டாம் பாதி அதுவே என்பதுதான் வரலாறு காட்டும் உண்மை.

உடல் எடையைக் குறைப்பதற்காகவே குடலில் கத்தி வைக்கும் எண்ணம் 1950களில் தோன்றியது. மின்னசோட்டாவைச் சேர்ந்த ஆர்னால்ட் கிரெமனும் அவருடைய துணைவர்களும் 1954இல், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து ஒதுக்கி, அதன் தொடக்கப் பகுதியைக் கடைப்பகுதியுடன் நேராக இணைக்கும் முறையை அறிவித்தனர். உணவு செல்லும் குடலின் நீளம் குறைந்தால் சத்து உறிஞ்சப்படுவதும் குறையும் என்பது இதன் அடிப்படை. 1956 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பெயின், லோரன் டிவிண்ட் ஆகியோர் பத்து நோயாளிகளுக்குச் சிறுகுடலைப் பெருங்குடலுடனேயே இணைத்துப் பார்த்தனர். எடை வேண்டிய அளவுக்கு இறங்கியபின் குடலைப் பழைய நிலைக்கு மீட்டுவிடலாம் என்பது அவர்களுடைய திட்டம். மீட்டதும் இழந்த எடை திரும்பி வந்தது. பின்னர் 1969இல், சிறுகுடலின் நடுப்பகுதியில் 14 அங்குலத்தையும் கடைப்பகுதியில் 4 அங்குலத்தையும் மட்டும் உணவுப் பாதையில் விட்டுவைக்கும் முறையை அவர்கள் வெளியிட, அது 1970களில் அமெரிக்கா முழுவதும் பரவியது.

அந்த நோயாளிகள் பட்ட பாடு இத்துறையின் மிகத் துயரமான அத்தியாயம். எடை குறைந்தது உண்மைதான். ஆனால் நாள்தோறும் பலமுறை வயிற்றுப்போக்கு, பொட்டாசியம் முதலிய உப்புகளின் இழப்பு, மூட்டு வீக்கம் ஆகியவை தொடர்ந்தன. உறிஞ்சப்படாத கொழுப்பு கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால், கட்டுப்படாத ஆக்சலேட் உடலுக்குள் புகுந்து சிறுநீரகக் கற்களாக உறைந்தது. சிலருக்குக் கல்லீரல் செயலிழந்து உயிரும் போயிற்று. பலருக்கு மீண்டும் வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. சிகிச்சைக்கு முன்பு, இதே பாதையில் சென்று வந்த ஒருவரிடம் பேசும் வாய்ப்பு அந்த முதல் தலைமுறையினரில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. மருத்துவர் கையிலிருந்த ஏடுகளில் எடை எண்கள் இருந்தன, கழிவறையை விட்டு அகல முடியாத ஒரு நாள் எப்படிப்பட்டது என்பது அவற்றில் இல்லை.

நோயாளி நோயாளிக்குச் சொல்லித் தரும் வழக்கம் வேறு இரண்டு ஊற்றுகளிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. ஒன்று, எடைக் குறைப்புக்கான தன்னுதவிக் கூட்டங்கள். மில்வாக்கியில் எஸ்தர் மான்ஸ் 1948இல் தொடங்கிய ‘டாப்ஸ்’ அமைப்பும், மதுப்பழக்கத்திலிருந்து மீள்வோரின் கூட்டங்களைப் பின்பற்றி 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் உருவான ‘ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்’ அமைப்பும், நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் தம் வீட்டில் தோழியரைக் கூட்டிப் பேசியதிலிருந்து வளர்ந்து 1963இல் நிறுவனமான ‘வெயிட் வாட்சர்ஸ்’ அமைப்பும் இவ்வகையின. மற்றோர் ஊற்று, இதைவிட நெருக்கமானது. பெருங்குடலை அகற்றி, வயிற்றின் மேல் செயற்கையாகக் குடல்வாய் திறக்கப்பட்டவர்கள் 1950களின் தொடக்கத்திலேயே தமக்குள் கூடத் தொடங்கினர். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் கியூ, டி என்ற இரு நோயாளர் கூடங்களில் இருந்தவர்கள் அமைத்த குழு, அக்கூடங்களின் பெயராலேயே அறியப்பட்டது. அதே காலத்தில், மார்பகம் அகற்றப்பட்ட டெரீஸ் லாசர் என்ற பெண்மணி, தம்மைப் போன்றோரை மருத்துவமனைப் படுக்கையருகே சென்று சந்திக்கத் தொடங்கினார். அதை விரும்பாத அறுவை மருத்துவர்களும் இருந்தனர். எனினும் 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. உடலின் அமைப்பை மாற்றும் அறுவைக்குப் பின், அந்த உடலோடு வாழக் கற்றவரே அதற்கான ஆசிரியர் என்ற கருத்து அமெரிக்க மருத்துவமனைகளில் இவ்வாறே நிலைபெற்றது.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் அத்தகைய ஆசிரியரின் தேவை, குடலை விட்டு இரைப்பைக்குக் கத்தி நகர்ந்தபோது பன்மடங்காயிற்று. அயோவாப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் எடை கூடாமலே இருப்பதைக் கவனித்தவர். அவரும் சிகாஷி இட்டோவும் 1966இல் செய்து, அடுத்த ஆண்டில் வெளியிட்ட ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ எனும் இரைப்பை மாற்றுவழி அறுவையில், இரைப்பையின் மேற்பகுதி ஒரு சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலுடன் இணைக்கப்பட்டது. அந்தப் பை பின்னாளில் 30 மில்லிலிட்டர் அளவுக்குச் சுருங்கியது. முந்தைய குடல் மாற்றுவழி அறுவை நோயாளியின் உறிஞ்சும் திறனைக் குறைத்ததே தவிர அவருடைய உண்ணும் முறையில் பெரிய மாற்றத்தைக் கேட்கவில்லை. இந்த அறுவையோ உண்ணும் செயலையே புதிதாகக் கற்கச் சொன்னது. அவசரமாக விழுங்கிய ஒரு கவளம் நெஞ்சில் நின்று வலித்தது. இனிப்பு மிகுந்த உணவு, இரைப்பையின் வாயிற்காப்பான தசைவளையத்தைத் தாண்டாமலே சிறுகுடலுக்குள் விரைந்து கொட்டுவதால், படபடப்பும் வியர்வையும் வயிற்றுப் பிசைவும் உண்டாயின. மருத்துவர்கள் ‘டம்பிங்’ என்று அழைத்த இந்நிலையை நூலில் படிப்பது வேறு, விருந்தொன்றில் கேக் துண்டை உண்ட கால் மணி நேரத்தில் படுக்கையைத் தேடியவரிடம் கேட்பது வேறு.

1991இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடு, யாருக்கு இச்சிகிச்சை பொருந்தும் என்பதை வரையறுத்தது. எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல்நிறைக் குறியீட்டெண் 40ஐ எட்டியவர்களும், கடும் உடன்நோய்கள் இருப்பின் 35ஐ எட்டியவர்களும் தகுதி பெற்றனர்; வாழ்நாள் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பு தேவை என்றும் அம்மாநாடு வலியுறுத்தியது. (2022இல் இந்த எல்லைகள் தாழ்த்தப்பட்டபோது, குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் ஆசிய மக்களுக்கு 27.5 முதலே சிகிச்சை வழங்கலாம் என்று குறிக்கப்பட்டது. தமிழர்களுக்கும் உரிய வரம்பு அது.) 1994இல் சான் டியேகோவின் விட்குரோவும் கிளார்க்கும், வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியே இரைப்பை மாற்றுவழி அறுவையைச் செய்யும் முறையை வெளியிட்டனர். 1999இல் பாடகி கார்னி வில்சன் தம் அறுவையை உலகம் காணும்படி ஒளிபரப்ப இசைந்தார். மறைத்து வைக்கப்பட்ட ஒரு சிகிச்சை பொதுப் பேச்சாயிற்று. அமெரிக்காவில் 1998இல் ஏறத்தாழ 13,000 ஆக இருந்த அறுவைகளின் எண்ணிக்கை 2002இல் 72,000ஐத் தாண்டியது. கேள்விகளோடு வருவோரும் பதில் சொல்லக்கூடியவர்களும் ஒரே சமயத்தில் பெருகிய ஆண்டுகள் இவை.

அவர்கள் சந்தித்த ஆதரவுக் கூட்டங்களில் கைமாறிய அறிவின் உள்ளடக்கம் தனியே கவனிக்கத் தக்கது. சிகிச்சைக்கு முந்தைய பகுதியில், காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கும் மாதக்கணக்கான உணவுக்கட்டுப்பாட்டுச் சான்றுகளைத் திரட்டுவது முதல், மனநல மதிப்பீட்டில் உண்மையை மறைக்காமல் பேசுவது வரை எல்லாம் அடங்கும். அறுவைக்கு முன் பொதுவாக இரண்டு வாரம் நீராகாரமும் குறைந்த கலோரி உணவும் மட்டுமே எடுக்கச் சொல்வார்கள். கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கினால்தான் அதைத் தூக்கிப் பிடித்து இரைப்பையை அணுக முடியும் என்ற காரணத்தை முன்னே சென்றவர் விளக்கும்போது, அந்தக் கட்டுப்பாடு தண்டனையாகத் தோன்றாமல் பொருள் பெறுகிறது. இனி உண்ணவே முடியாது என்ற அச்சத்தில், பிடித்த உணவுகளையெல்லாம் கடைசி முறையாக உண்டு தீர்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதை அனுபவித்தவர்கள், உணவுக்கு விடைகொடுக்கும் அந்தத் துக்கத்தை எள்ளாமல், அதன் விளைவையும் மறைக்காமல் பேசினர். புகையை முற்றிலும் விட வேண்டும் என்பதில் மட்டும் அவர்கள் விட்டுக்கொடுத்ததில்லை; இணைப்புப் பகுதியில் ஆறாத புண் ஏற்படுவதற்குப் புகையே முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

சிகிச்சைக்குப் பிந்தைய அறிவுரை இன்னும் நுணுக்கமானது. நீரை மடமடவென்று குடிக்காமல் நாள் முழுதும் சிறுசிறு மிடறாகப் பருகுவது, உணவோடு நீர் சேர்க்காமல் அரை மணி நேரம் இடைவெளி விடுவது, நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் சேர்ப்பது, தட்டில் முதலில் புரதத்தையே உண்பது ஆகியவை அடிப்படைப் பாடங்கள். பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்கினால் கால்சியம் இரும்பின் உறிஞ்சலைத் தடுக்கும் என்பதால், நாளை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதைப் பல ஆண்டுகள் அப்படி வாழ்ந்தவர்கள் கற்பித்தனர். மூன்றாம் வாரத்தில் எடை இறங்காமல் நிற்பதும், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தலைமுடி கொத்தாக உதிர்வதும், பெரும்பாலோருக்கு அது மீண்டும் வளர்வதும் முன்கூட்டியே சொல்லப்பட்டால் கலக்கம் குறையும். மூட்டுவலிக்குத் தாமாக வாங்கி உண்ணும் இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் மாற்றுவழி அறுவைக்குப் பின் புண்ணை உண்டாக்கும் என்ற எச்சரிக்கையும் இவ்வாறு வாய்வழி பரவியது. எல்லாவற்றிலும் உயிர்காத்த அறிவுரை ஒன்று உண்டு: நாட்கணக்கில் தொடரும் வாந்தியை இயல்பென்று பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அது. தயமின் எனும் பி1 வைட்டமின் தீர்ந்துபோனால் சில வாரங்களிலேயே மூளை நிலையாகப் பாதிக்கப்படக்கூடும். மருத்துவமனைக்குச் செல் என்று தொலைபேசியில் வற்புறுத்தும் தோழமைக்கு அங்கே ஈடில்லை.

உடலைக் கடந்த செய்திகளில் இந்த மரபு மருத்துவத்தை முந்தியே சென்றது. வயிறு நிறைந்தபின்னும் மனம் கேட்கும் பசியை ‘தலைப்பசி’ என்று அவர்கள் பெயரிட்டு, இரைப்பையின் பசியிலிருந்து அதைப் பிரித்தறியும் வழிகளைப் பகிர்ந்தனர். எடை வேகமாக இறங்கும் முதல் ஓராண்டை ‘தேனிலவுக் காலம்’ என்று குறித்து, அதற்குள் நல்ல பழக்கங்களை ஊன்றிக்கொள்ளச் சொன்னார்கள். தளர்ந்து தொங்கும் தோல், அடையாளம் தெரியாமல் கடந்து செல்லும் பழைய நண்பர்கள், மெலிந்த பின்பே மரியாதை காட்டும் உலகத்தின் மேல் எழும் கோபம், வாழ்க்கைத் துணையின் பொறாமை ஆகியவை ஆய்வேடுகளில் இடம்பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே கூட்டங்களில் பேசப்பட்டன. சிகிச்சைக்குப் பின் மணமுறிவும் கூடுகிறது, தனித்திருந்தவர்கள் மணம் புரிவதும் கூடுகிறது என்று ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளைக் கொண்ட ஆய்வு 2018இல்தான் எண்ணிக்கையாகக் காட்டியது. மதுவைப் பற்றிய எச்சரிக்கையும் அப்படியே. மாற்றுவழி அறுவைக்குப் பின் மது விரைந்து இரத்தத்தில் கலந்து, குறைந்த அளவிலேயே போதை ஏற்றுகிறது. உணவில் தேடிய ஆறுதலைச் சிலர் மதுவில் தேடத் தொடங்குகின்றனர். மதுச்சார்பு அறிகுறிகள் சிகிச்சைக்கு முன் 7.6 விழுக்காட்டினரிடம் இருந்து, இரண்டாம் ஆண்டில் 9.6 விழுக்காடாக உயர்ந்ததை 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு உறுதிசெய்தது.

2004இல் அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைச் சங்கத்தின் ஆதரவோடு தொடங்கிய சிறப்பு மையச் சான்றளிப்பு, நோயாளர் ஆதரவுக் குழுக்களை நடத்துவதை மருத்துவமனையின் கடமைகளுள் ஒன்றாக்கியது. அடுத்த ஆண்டில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ‘ஒபீசிட்டி ஆக்‌ஷன் கோயலிஷன்’ என்ற, நோயாளிகளையே உறுப்பினராகக் கொண்ட அமைப்பும் எழுந்தது. இதனால் கூட்டத்துக்கு அறையும், ஐயம் தீர்க்க ஊட்டச்சத்து வல்லுநரும் கிடைத்தனர். யூகமாகச் சொல்லப்பட்ட தவறான மருந்தளவுகள் திருத்தப்பட்டன. அதே வேளையில், சிகிச்சை அளித்த மருத்துவமனையின் கூரைக்கடியில், அங்கே நேர்ந்த குறையை உரக்கச் சொல்லும் சுதந்திரம் சுருங்கியதையும் மறுக்க முடியாது. கூட்டங்களுக்கு வருபவர்கள் வராதவர்களைவிட அதிக எடை இழந்தனர் என்று 1998 முதல் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒழுக்கமுள்ளவர்களே தொடர்ந்து வருகிறார்களோ என்ற ஐயத்தை அவை முழுமையாகத் தீர்க்கவில்லை என்றாலும், அந்த ஐயத்தைக் காரணமாகக் காட்டி இக்கூட்டங்களைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

இந்த மரபின் உண்மையான குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. கூட்டத்தில் பேச முன்வருவோர் பெரும்பாலும் தேனிலவுக் காலத்தில் இருப்பவர்கள். காத்திருப்போர் கேட்பதும் அவர்களுடைய மகிழ்ச்சியான குரலைத்தான். 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வின்படி, இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடை இழந்து, பத்தாம் ஆண்டில் 25 விழுக்காட்டு இழப்போடு நின்றனர். அதாவது ஓரளவு எடை திரும்புவது இச்சிகிச்சையின் இயல்பான போக்கு. ஆனால் அது நிகழும்போது தம்மைக் குற்றவாளியாகக் கருதி, கூட்டத்துக்கு வருவதையே பலர் நிறுத்திவிடுகின்றனர். அறிவுரை மிகுதியாகத் தேவைப்படும் நேரத்திலும், மற்றவர்க்குச் சொல்ல மிகுதியாகச் செய்தி இருக்கும் நேரத்திலும் அவர்கள் அங்கே இல்லாமல் போகின்றனர். இதை உணர்ந்த சில மையங்கள், அறுவை முடிந்து இரண்டாண்டுகளைக் கடந்தவர்களுக்கென்று தனிக் கூட்டம் வைக்கத் தொடங்கின. எடை காட்டும் எண்ணைக் கேட்காமல் தொடங்கும் அக்கூட்டங்களில், மீண்டும் புரதத்தை முதலில் உண்பது, விட்டுப்போன வைட்டமின்களையும் இரத்தப் பரிசோதனையையும் மீண்டும் தொடங்குவது, அண்மை ஆண்டுகளில் வந்துள்ள எடைக்குறைப்பு ஊசிகளை மருத்துவரிடம் தயங்காமல் கேட்பது ஆகியவை பேசப்படுகின்றன. சிகிச்சைக்குக் காத்திருப்போரையும் ஒருமுறையேனும் அங்கே அமர்ந்து கேட்கும்படி மூத்தவர்கள் அழைக்கின்றனர்.